சாவியா, ஆந்தையா

சின்யோர் கலோஜெரோ வீட்டில் என் மனுசி வேலைக்குச் சேர்ந்த அன்று, அவர் அவளுக்குச் சொன்ன முதற்கதை சமையலைப் பற்றியதல்ல, துவக்கைப் பற்றியது. பின்னறையில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் இரண்டு றிவோல்வர் இருக்கிறது, அதில் யாரும் கைவைக்கக்கூடாது என்றார். முந்தி நின்ற வேலைக்காரி பெட்டி திறந்து கிடந்த நேரம் பார்த்துத் தூசி தட்டப் போனாளாம். அன்று பின்னேரமே அவளுடைய உடுப்புப் பை வாசலில் இருந்ததாம். என் மனுசி றோசமலர் தலையாட்டினாள். எனக்கு அந்தப் பேச்சுப் பிடித்திருந்தது. நேரே சொல்கிற மனிதனை அரைவாசியாவது நம்பலாம். மற்ற அரைவாசியை நான் யாரிடமும் கொடுப்பதில்லை.

வீடு சிசிலியில், வியா மக்வேதாத் தெருவிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில், இரண்டாம் மாடி. சமையலறைக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு அறை. முதுகு போனபிறகு எனக்கு வேலை கொடுக்க இந்த ஊரில் ஆளில்லை. அவளுடைய வேலை ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவளுக்கும் பெர்மெஸோ, அதுதான் இங்கே இருக்க விடுகிற கடுதாசி, எனக்கும் பெர்மெஸோ. வருகிற மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும். அவள் வேலை போனால் கூரையும் போகும், கடுதாசியும் போகும். இதை நான் நித்திரையிலும் மறந்ததில்லை.

அந்த றிவோல்வர்கள் இந்தக் காலத்துச் சாமான்கள் அல்ல. அமெரிக்காக்காரன் பழைய காலத்தில் செய்த ஒன்றைப் பார்த்து, இத்தாலியின் வடக்கே ஒரு பள்ளத்தாக்கில் இப்போது அச்சொட்டாகச் செய்கிறார்கள். தோட்டா கிடையாது. எங்கள் வன்னிப் பக்கத்து இடியன் துவக்கின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். உருளையில் உள்ள ஆறு குழிக்குள்ளும் கரிமருந்து கொட்டி, ஈய உருண்டையை வைத்து இடித்து, மேலே கொழுப்புப் பூச வேண்டும். குழியின் பின்பக்கம் சின்னக் காம்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதில் செப்புக் கேப்பை மாட்டி, சுத்தியல்போல நிற்கிற குதிரையை இழுத்துவிட்டால் அது வந்து கேப்பில் அடிக்கும். நெருப்புக் காம்புக்குள்ளால் போய் மருந்தைப் பிடிக்கும்.

இரண்டும் ஒரே அச்சு. செய்தவன் வேறு வேறு. ஒன்றில் சாவி முத்திரை, மற்றதில் ஆந்தை முத்திரை. இரண்டையும் பல வருசமாகச் சின்யோர் வைத்திருந்து சுட்டு வந்தார். இப்போது மிலானோவில் இருக்கும் மகள், பெரிய டாக்குத்தர், உறுக்கிச் சொல்லிவிட்டாள். இந்த வயதில் வீட்டில் ஒரு துவக்குக்கு மேல் இருக்கக்கூடாது, மற்றதைக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அப்பாவை முதியோர் விடுதியில் சேர்ப்பேன் என்று. அதனால் அந்தக் கோடை தொடக்கம் சின்யோருக்கு ஒரே யோசனை. சாவியா, ஆந்தையா.

செப்டெம்பர் வரைக்கும் பின்னேரங்களில் சமையலறை மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். நான் இரண்டடி தள்ளித்தான் நிற்பேன். கறுப்புத் தோலுள்ளவன் கையில் துவக்கைக் கண்டால், அது எந்தக் காலத்துத் துவக்கு என்று கெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் ஒருத்தனும் கேட்கமாட்டான். அவர் விளக்குவார். சாவிக்காரன் வெளியில் மினுக்க மாட்டான், பிடிமரம் கூட வெளிறினது, ஆனால் உள்ளே சாமான்கள் கெட்டியாகப் பொருந்தும், உருளை நின்ற இடத்தில் அசையாது, கேப்பு காம்பில் இறுக்கமாக உட்காரும். ஆந்தைக்காரன் கண்ணாடிபோல மினுக்குவான், பிடி கைக்குள் வழுக்கிக்கொண்டு வரும், விசை பூப்போல இருக்கும். ஆனால் காம்பு மெல்லிசு. கேப்பு கழன்று விழும், வெடித்த கேப்பின் துண்டு உள்ளே போய்ச் சிக்கும். கை சாவியைக் கேட்கிறது, கண் ஆந்தையைக் கேட்கிறது என்பார். என்னைக் கேட்டபோது, கலியாணப் புறோக்கர் கொண்டுவருகிற படம்போல மினுங்குகிற எதையும் நான் நம்பமாட்டேன் என்றேன். சிரித்தார்.

அவருடைய கூட்டாளி வித்தோ துவக்குக் கடைக்காரன். ஆந்தைக் கொம்பனிக்கு இந்தப் பக்கத்தில் அவன்தான் முகவர். ஆந்தையையே வைத்திரு என்று ஒவ்வொரு முறை வரும்போதும் சொல்வான். கதவைத் திறந்துவிடும்போதெல்லாம் நான் அவனுடைய கையைத்தான் பார்ப்பேன். விற்கிறவன் சொல்கிற புத்தியில் விற்கிற புத்தி கலந்திருக்கும்.

சின்யோர் செப்டெம்பரில் கடைசியாகச் சுட்டது. பிறகு கண்ணில் ஒப்பரேசன். அதோடு பெட்டி பூட்டினபடி கிடந்தது. ஜனவரி நடுவில் ஒரு சனிக்கிழமை, இரண்டையும் அருகருகே சுட்டுப் பார்த்து அன்றே முடிவெடுப்பது, மற்றதை வித்தோ கையோடு கொண்டுபோவது என்று பேச்சாயிற்று. சாய்ந்து நடக்க ஒரு தோள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்.

அன்று காலை சரியான குளிர். தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் மெழுகுபோல இறுகிப்போயிருந்தது. றோசமலர் அதைச் சுவர் ஹீற்றர்மேல் வைத்து உருகும்வரை நின்று, தலைக்கு வைத்துக்கொண்டே, துவக்குக்குக் கிட்டப் போகவேண்டாம் என்று எனக்குச் சொன்னாள். அவளுக்கு நானா சொல்லவேண்டும், எனக்கு அவளா சொல்லவேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு இறங்கினேன்.

வித்தோவின் காரில் பகேரியாவைத் தாண்டி மேலே மலைச்சரிவுக்குப் போனோம். சுடுகிற இடம் மூன்று பக்கமும் மண் அணை கட்டினது. சிவப்புச் சட்டை போட்ட பொறுப்பாளர் பெண்ணொருத்தி எல்லோருடைய கடுதாசியையும் பார்த்தாள். என்னுடையதைக் கூடுதல் நேரம் பார்த்தாள். நீ எதையும் தொடக்கூடாது என்றாள். தொடுகிற எண்ணம் எனக்கு இல்லை என்றேன்.

சின்யோருக்குக் கை நடுங்கும். ஆகவே இரண்டையும் நிரப்பினது வித்தோ. வழக்கத்தில் நிரப்புவதற்கு முன் வெறும் கேப்பை அடித்து, உள்ளே நிற்கிற எண்ணெயை எரித்துத் தள்ளுவார்கள். சமையலறையில் எனக்கே எத்தனையோ தரம் சொன்ன பாடம் அது. அன்று வித்தோ அதைச் செய்யவில்லை. குளிருது, கெதியாய் முடிப்போம் என்றான். நான் அதைக் கவனித்து மனதில் போட்டுக்கொண்டேன்.

முதலில் ஆந்தை. ஆறும் வெடித்தது. ஒரு கேப்பு கழன்று விழுந்ததைத் திரும்ப மாட்டவேண்டியிருந்தது, மற்றப்படி குறையில்லை. வெள்ளைப் புகை கிளம்பி அழுகின முட்டைபோல நாறியது. வித்தோ கையைத் தட்டினான்.

பிறகு சாவி. குதிரையை இழுக்கும்போதே அது கொடிய சோம்பல் பிடித்ததுபோல வந்தது. குளிர் என்றார் சின்யோர். விசையை அழுத்தினார். குதிரை மெல்லப் போய்த் தட்டியது. டிக் என்ற சத்தம்தான். அடுத்த குழி. கேப்பு மட்டும் வெடித்தது, மருந்து பிடிக்கவில்லை. அவருக்கு முகம் சிவந்தது. மூன்றாவது குழிக்கும் கேப்பு மட்டும்தான் சீறியது.

வெடிக்காத துவக்கை அணைக்கு நேரே பிடித்தபடி காத்திருக்க வேண்டும் என்பது அவரே சொல்லித் தந்த சட்டம். ஈரமான மருந்து நெருப்பை உள்ளே வைத்திருந்து பிந்தி வெடிக்கும். அந்தச் சட்டத்தைச் சொன்ன மனிதன், இப்போது அதைத் தெரியாதவர்போல, என்ன பிழை என்று பார்க்கக் குழாயைத் தன் முகத்துப் பக்கம் திருப்பினார்.

நான் யோசிக்கவில்லை. அவருடைய மணிக்கட்டைப் பிடித்து அணைப் பக்கம் தள்ளினேன். என் கைக்குள் அவருடைய கை இருக்கும்போதே அது வெடித்தது. மண் தெறித்தது. காது அடைத்துப்போனது.

சிவப்புச் சட்டைக்காரி ஓடி வந்தாள். அவள் பார்த்தது அவருடைய முகத்தை அல்ல, துவக்கின்மேல் இருந்த என் கையை. நான் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். சின்யோர் மூச்சு வாங்கியபடி, இவன் இல்லையென்றால் என்னுடைய தலை இல்லை என்று அவளுக்குச் சொன்னார். சுடுவது போதும், துவக்கை வெறுமையாக்கிக்கொண்டு போங்கள் என்றாள் அவள்.

வித்தோ மிச்சக் குழிகளை வெறுமையாக்கிக்கொண்டிருக்கும்போது சின்யோரை மர வாங்கில் இருத்தினேன். என் வாய் சும்மா இருக்கவில்லை. எனக்கு வந்த எண்ணத்தை அவருடைய காதுக்குள் அப்படியே சொன்னேன்.

"நிரப்பினது ஆர், சின்யோர்? ஆந்தையை வைச்சிரு எண்டு சொல்லுற ஆள்தானே. அதுக்கு மட்டும் ஆறும் வெடிச்சுது."

அவர் என்னைப் பார்த்தார். எழும்பினார். தோள் கேட்கவில்லை, தானே நடந்து வித்தோவுக்கு முன்னால் போய் நின்றார். நாற்பது வருசக் கூட்டாளிகள். பேசினது சிசிலிப் பாசை, வேகமாக. முழுக்க விளங்காவிட்டாலும் போதுமான அளவு விளங்கியது. என்னுடைய துவக்கைக் கெடுத்தாயா என்று கேட்டார். வித்தோ முதலில் சிரித்தான். பிறகு அவர் சிரிக்கவில்லை என்று கண்டான்.

அவன் உருளையைக் கழற்றினான். ஈர்க்குபோல ஒரு குச்சியைக் குழிக்குள் விட்டுச் சுரண்டினான். நுனியில் கரிமருந்தோடு குழைந்து வெள்ளையாக ஏதோ வந்தது. குதிரையின் அடியிலும் சுரண்டினான். அங்கேயும் அதே வெள்ளை. தன் கொழுப்பு டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்தான். அவனுடையது மஞ்சள், தேன்மெழுகு கலந்தது. இது என்னுடையது இல்லை என்றான். குற்றம் சொன்னவன் யார் என்று அவனுக்கு விளங்கியிருந்தது. நேரே என்னிடம் வந்து குச்சியை மூக்குக்குக் கிட்டே நீட்டினான்.

"மணந்து பார். இது என்ன எண்டு நீயே சொல்லு."

மணந்தேன். கந்தகத்துக்கு அடியில் ஒரு வாசம் இருந்தது. வித்தோவுக்கு அது ஏதோ இனிப்புப் பலகார வாசம். எனக்கு அது தலையணை உறையின் வாசம். ஐம்பது வருசத்துக்குக் கிட்ட என் பக்கத்தில் படுக்கிற தலையின் வாசம்.

கேத்தல், தோசைக்கல், அரிவாள், எந்த இரும்பைக் கழுவினாலும் அடுத்த நிமிசம் தேங்காயெண்ணெய் பூசி வைக்கிறவள் றோசமலர். செப்டெம்பரில் அது தண்ணிபோல ஓடி எல்லா மூலைக்குள்ளும் போயிருக்கும். ஜனவரியில் அங்கேயே இறுகி நிற்கும். அவள் தொட்டிருக்கிறாள். ஏன் தொட்டாள், எப்போது தொட்டாள் என்று தெரியாது, ஆனால் தொட்டிருக்கிறாள். முந்தி நின்றவளின் பை வாசலில் இருந்ததுதான் கண்ணுக்குள் நின்றது.

தெரியாது என்றேன்.

வித்தோ தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினான். சின்யோர் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இனி வீட்டுக்கு வராதே என்று சொன்னது எனக்குக் கேட்டது. வித்தோ சாமான்களைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினான். அவனுடைய கையும் இப்போது நடுங்கியது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆந்தை வீட்டில் நிற்கும், சாவி போகும், வித்தோவும் போவான், றோசமலர் நிற்பாள். நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். நல்ல மனம் வந்து பேசினேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். வித்தோ அந்த வெள்ளையை ஒரு துணித்துண்டில் துடைத்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தான். அதைக் கண்டபிறகுதான் எனக்குக் கணக்கு மாறியது. நாளைக்கு அவன் அதை யாரிடமாவது காட்டுவான். பல்லரோச் சந்தையில் எந்தத் தமிழ்க் கடை வாசலில் நின்றாலும் அந்த வாசம் வரும். பிறகு நாங்கள் தொட்டவர்கள் மட்டுமல்ல, ஒளித்தவர்களும் ஆவோம். அதோடு, அந்தக் கை நடுங்கினதையும் நான் கண்டுவிட்டேன். அதைக் காணாமல் இருந்திருந்தால் நல்லது.

"சின்யோர், அது வித்தோ இல்லை. அது என்ரை மனுசியின்ரை தலை எண்ணெய்."

இரண்டு பேரும் திரும்பினார்கள். தேங்காயெண்ணெய் குளிருக்கு இறுகும் என்பதை இத்தாலியப் பாசையில் சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை. கையால் காட்டினேன். வித்தோ மடித்த துணியை எடுத்து விரித்துத் திரும்ப மணந்தான். பிறகு அதைக் கீழே போட்டான். சின்யோர் காரை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

வித்தோவின் காரிலேயே திரும்பினோம். முன்னால் இரண்டு கிழவர்கள், பின்னால் நான். கடல் பக்கத்தில் வெயில் அடித்தது. எங்கள் சாமான் எத்தனை பைக்குள் அடங்கும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். எனக்கு உறவு என்று இந்த ஊரில் இருக்கிறது தங்கச்சி மகள் றெபேக்கா ஒருத்தி. ஒரு அறைக்குள் நாலு பேர் இருக்கிறார்கள்.

வித்தோ கீழே இறக்கிவிட்டு, துவக்குப் பெட்டியைச் சின்யோரின் கையில் கொடுத்துவிட்டு மேலே வராமல் போனான்.

றோசமலர் கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். சின்யோர் நேரே சமையலறைக்குப் போய், சாவியை எடுத்து மேசையில் வைத்து, அவளைக் கூப்பிட்டார். நான் குறுக்கே புகுந்து தமிழில் அவளுக்குச் சொன்னேன், எல்லாம் சொல்லியாயிற்று, மறைக்காதே என்று. அவள் கையை மேற்சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

என் துவக்கைத் தொட்டாயா என்று கேட்டார். ஓம், தொட்டனான் என்றாள். எங்கே இருந்து எடுத்தாய் என்று கேட்டார். அவள் பாத்திரம் கழுவுகிற சிங்கைக் காட்டினாள்.

சுட்டு வந்தபிறகு துவக்கைச் சவர்க்காரத் தண்ணிக்குள் போட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மருந்துக் கரி இரும்பைத் தின்றுவிடும். அதை அவர் எப்போதும் தன் கையால்தான் செய்வார். செப்டெம்பரில் ஆந்தையைக் கழுவித் துடைத்துப் பூட்டினார். சாவி தண்ணிக்குள் கிடக்கும்போது மிலானோவிலிருந்து மகளின் அழைப்பு வந்தது, விடுதிக் கதை, சண்டை. அதுவரைக்கும் அவருக்கு ஞாபகமிருந்தது. பிறகு தானே வந்து துடைத்து எண்ணெய் போட்டதாகத்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

"நான் எடுக்கேக்கை தண்ணி சூடா இருந்ததா?" என்று கேட்டார். பிறகு திருத்தினார். "நீ எடுக்கேக்கை."

றோசமலர் என்னைப் பார்க்கவில்லை.

"பச்சைத் தண்ணி, சின்யோர். விடிய வந்து பாக்கிறன், கிடக்குது. துருப் பிடிக்கத் தொடங்கியிட்டுது. உங்களை எழுப்பினால் வெக்கப்படுவியள் எண்டு துடைச்சு, எண்ணெய் பூசிப் பெட்டிக்குள்ள வைச்சன். பெட்டியும் திறந்துதான் கிடந்தது."

அவர் கதிரையை இழுத்து இருந்தார். பெட்டியும் இரவு முழுக்கத் திறந்து கிடந்திருக்கிறது. ஹீற்றரில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தன் சட்டப்படி எங்களை வெளியே போ என்று சொல்லலாம். ஆனால் மகள் ஏன் என்று கேட்பாள். சொன்னால் தன் மறதியையும் சொல்லவேண்டிவரும்.

கடைசியில் அவர் மெல்லச் சொன்னார், இதை மகளுக்குச் சொல்லாதீர்கள், நானும் நீ தொட்டதை மறந்துவிடுகிறேன் என்று. நல்ல பேரம். நான் உடனே சரி என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு முந்தி றோசமலர் பேசினாள்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். ஆனால் துவக்கு இஞ்சை இருக்கக்கூடாது. இதுவும் வேண்டாம், அதுவும் வேண்டாம். இருந்தால் நான் இருக்கமாட்டன்."

வீட்டுக்காரனுக்கு நிபந்தனை போடுகிறாள், மார்ச் மாதம் வாசலில் நிற்கும்போது. வாயை மூடு என்று தமிழில் சொன்னேன். அவள் தமிழிலேயே திருப்பித் தந்தாள்.

"நீங்கள் பொத்துங்கோ. இண்டைக்கு அவரின்ரை மண்டை தப்பினது உங்கடை கையாலை. நாளைக்கு நான் தேத்தண்ணி கொண்டு போகேக்கை ஆரின்ரை கை வரும்?"

சின்யோருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சாவியை எடுத்துக் குழாயைச் சன்னல் பக்கம் பிடித்து, குதிரையை இழுத்துப் பார்த்தார். அடுப்புச் சூட்டில் அது இளகியிருக்க வேண்டும், இப்போது சுகமாக வந்தது. உருளை அசையாமல் நின்றது. நல்ல துவக்கு என்றார். அதைத் துணியில் சுற்றினார். பிறகு வித்தோவுக்கு ரெலிபோன் எடுத்தார். நீண்ட நேரம் மணி அடித்தது. வித்தோ எடுத்தபோது இவர் மன்னிப்புக் கேட்டதைக் கேட்டுக்கொண்டு நிற்பது சரியில்லை என்று நான் அறைக்குள் போனேன்.

திங்கட்கிழமை வித்தோ வந்து இரண்டையும் கொண்டுபோனான். வாசலில் எனக்குக் கை தரவில்லை. நானும் நீட்டவில்லை.

மார்ச்சில் பெர்மெஸோ அலுவலுக்கு, தான் வரவேண்டிய தேவையில்லாதபோதும் சின்யோர் எங்களோடு வந்தார். றோசமலர் முன்னால் போனாள், அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வியா மக்வேதாவைக் கடக்கும்போது, சாவியா ஆந்தையா, எது நல்லது என்று கேட்டார். சாவி என்றேன். சந்தோசமாகத் தலையாட்டினார். வரிசையில் நிற்கும்போது திரும்பவும் கேட்டார். சாவிதான், உருளை அசையாது என்றேன். கெஸ்தூராவின் கதவுக்குள் நுழையும்போதும் கேட்டார். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரன் எங்களைப் பார்த்தான். நான் குரலைத் தாழ்த்தி, சாவி, சின்யோர் என்றேன்.